வரலாற்றுச் சேனலில் வரலாறு எங்கே போனது? யாரிடம் கேட்பது?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவருக்காகத்தான் பெரிய கேபிள் பேக்கேஜை இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன். ஆனால் ஹிஸ்டரி சேனலைப் போட்டால் அடகுக்கடை பேரம், பழைய சாமான் வேட்டை, வேற்றுக்கிரகவாசிகள்! சேனலுக்குப் புகார் எழுதினேன், நன்றி சொல்லி ஒரு பதில் வந்ததோடு சரி. ஏன் இப்படி ஆகிறது? சட்டப்படி கேட்க முடியுமா? பேக்கேஜை வைத்துக்கொள்வதா, விடுவதா? பத்து வயது மகன் வேறு தாத்தாவோடு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துவிட்டு, பிரமிடைக் கட்டியது யார் என்று கேட்கிறான்.

பதில்: முதலில் சட்டம். வழியில்லை. அமெரிக்காவில் கேபிள் சேனல் தன் பெயருக்கு ஏற்ற நிகழ்ச்சியைத்தான் போட வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்சிசி அதில் தலையிடாது. பேச்சுரிமைச் சட்டம் இருக்கும்வரை தலையிடவும் முடியாது. பக்கத்து நாடான கனடாவில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு சிறப்புச் சேனலும் எந்த வகை நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருந்தது, ஒரு துறைக்கு ஒரு சேனல் என்ற பாதுகாப்பும் இருந்தது. அந்தப் பாதுகாப்பை அந்நாட்டு ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான சிஆர்டிசி 2015-இல் எடுத்துவிட்டது. சட்டம் இருந்த காலத்திலேயே அங்கும் பல சேனல்கள் தங்கள் துறையை விட்டு மெல்ல நகரத்தான் செய்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, சேனலின் பெயர் உங்களுக்குத் தரப்பட்ட வாக்குறுதி அல்ல. ஆனால் வேறொருவருக்கு அது பெரும்பாலும் வாக்குறுதிதான். அந்த வேறொருவர் யார் என்று தெரிந்தால் புகாரை எங்கே கொண்டுபோவது என்பதும் தெரிந்துவிடும்.

கேபிள் சேனலுக்கு இரண்டு வழியில் பணம் வருகிறது. ஒன்று விளம்பரம். இன்னொன்று, உங்கள் கேபிள் அல்லது சாட்டிலைட் நிறுவனம் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் மாதாமாதம் இவ்வளவு என்று சேனலுக்குக் கொடுக்கும் தொகை. நீங்கள் அந்தச் சேனலைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், அது உங்கள் பேக்கேஜில் இருக்கும்வரை அந்தத் தொகை போய்ச் சேரும். 1980-களிலும் 90-களிலும் கேபிளில் இடம் குறைவு. ஏற்கெனவே இருப்பதைப் போலவே இன்னொரு பொதுச் சேனலை எந்தக் கேபிள்காரரும் சேர்க்கமாட்டார். 'வானிலை மட்டும்', 'பாட்டு மட்டும்', 'பழைய படம் மட்டும்' என்று வந்தால் சேர்ப்பார், அதைக் காட்டி அவரும் புதிய சந்தா பிடிக்கலாம். துறை என்பது உள்ளே நுழைவதற்கான சீட்டு.

நுழைந்து, நாட்டின் பெரும்பாலான கேபிள் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு? சந்தாத் தொகை அதற்கு மேல் வேகமாக வளராது. வளர வேண்டுமானால் விளம்பரத்தில்தான். விளம்பரதாரர்கள் அதிக விலை கொடுப்பது 18 முதல் 49 வயது வரை உள்ளவர்களின் கண்களுக்கு. இரண்டாம் உலகப்போர் ஆவணப்படத்தை விரும்பிப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் உங்கள் அப்பாவின் வயதுக்காரர்கள். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார் என்பார்களே, அதுதான் நடந்தது.

ஹிஸ்டரி சேனல் தொடங்கியது 1995 ஜனவரி 1-இல். போர் ஆவணப்படங்கள் அளவுக்கு மீறி வந்ததால் 'ஹிட்லர் சேனல்' என்றே அதற்குக் கேலிப்பெயர் இருந்தது. 2007-இல் பனிப்பாதை லாரி ஓட்டுநர்களைப் பற்றிய 'ஐஸ் ரோட் டிரக்கர்ஸ்' வந்தது, நன்றாக ஓடியது. 2008-இல் பெயரிலிருந்து 'சேனல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் 'ஹிஸ்டரி' ஆனார்கள். 2009-இல் லாஸ் வேகஸ் அடகுக்கடையை வைத்து 'பான் ஸ்டார்ஸ்' வந்தது. அதன் பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை.

அந்த அடகுக்கடை நிகழ்ச்சியை ஒருமுறை கவனித்துப் பாருங்கள், கெட்டிக்காரத்தனமான அமைப்பு அது. ஒருவர் பழைய துப்பாக்கியோ நாணயமோ கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார். கடைக்காரர் அது எந்தக் காலத்துப் பொருள் என்று கேமராவைப் பார்த்து ஓரிரு வரி சொல்கிறார். அப்புறம், இதற்கென்று தெரிந்த ஒருவரைக் கூப்பிடுகிறேன் என்பார். நிபுணர் வந்து அசலா போலியா என்று பார்த்து, விலை சொல்லிவிட்டுப் போய்விடுவார். பிறகு பேரம். மொத்தத்தில் வரலாறு என்று சொல்லத்தக்கது சில நிமிடம்தான். ஆனால் அந்தச் சில நிமிடம் இருப்பதால், இதுவும் வரலாற்று நிகழ்ச்சிதானே என்று யாரிடமும் வாதாட முடியும். செலவோ, நடிகர் நடிகையர் வைத்து எடுக்கும் நாடகத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஒரே கடை, அதே ஆட்கள். துண்டு துண்டாக இருப்பதால் எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் புரியும், ஐந்தாறு மணி நேரம் தொடர்ச்சியாகப் போட்டாலும் சேனலை மாற்றத் தோன்றாது. இதைவிட ஓர் ஒளிபரப்பு அட்டவணைக்காரருக்கு என்ன வேண்டும்?

இது ஹிஸ்டரியின் தனிக் குற்றமல்ல. டிஎல்சி-யின் வேர் 1972-இல் நாசாவும் அன்றைய சுகாதார, கல்வி, நலத்துறையும் சேர்ந்து அப்பலாச்சிய மலைப்பகுதி மக்களுக்காகத் தொடங்கிய கல்வி ஒளிபரப்பில் இருக்கிறது. டிஎல்சி என்பதன் விரிவு 'தி லேர்னிங் சேனல்'. அதே சேனல்தான் 2012-இல் குழந்தை அழகிப்போட்டிச் சிறுமியின் குடும்பத்தை வைத்து ரியாலிட்டி ஷோ நடத்தியது. பிராவோ 1980-இல் கலைப்படத்துக்கும் நாடகத்துக்கும் என்று வந்தது, 2006 முதல் பணக்கார இல்லத்தரசிகளின் சண்டை. எம்டிவி 1981-இல் பாட்டுக்கென்றே பிறந்து, 2010-இல் 'மியூசிக் டெலிவிஷன்' என்ற வரியையே சின்னத்திலிருந்து நீக்கியது. 2020 ஜூன் கடைசியில் ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் 113 மணி நேரம் ஒரே ஒரு வீடியோத் துணுக்கு நிகழ்ச்சியை ஓட்டினார்கள்.

எல்லா நகர்வும் நஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஏஎம்சி பழைய ஹாலிவுட் படங்களை விளம்பரமில்லாமல் போட்டுக்கொண்டிருந்த சேனல். அது திசைமாறியிராவிட்டால் 2007-இல் 'மேட் மென்', 2008-இல் 'பிரேக்கிங் பேட்' அங்கே வந்திருக்காது. பழைய பட ரசிகர்களுக்கும் 1994 முதல் டர்னர் கிளாசிக் மூவீஸ் இருந்தது. அது இன்றும் பெரிய அளவில் மாறவில்லை. காரணம் எளிது, படத்துக்கு நடுவே அது விளம்பரம் விற்பதில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நடவடிக்கைகளைக் காட்டும் சி-ஸ்பான் 1979 முதல் அப்படியே இருப்பதற்கும் அதுதான் காரணம், கேபிள் நிறுவனங்கள் தரும் பணத்தில் லாபநோக்கில்லாமல் நடப்பது அது. ரேட்டிங்கைத் துரத்த வேண்டிய கட்டாயமே இல்லை. ஒரு சேனல் தன் துறையில் நிலைக்குமா என்று தெரிய வேண்டுமானால் நான் முதலில் பார்ப்பது அதன் விளம்பர இடைவேளைகளைத்தான்.

இனி உங்கள் புகார். சேனலுக்கு எழுதியதால் பயனில்லை, ஏனென்றால் நீங்கள் அவர்களுடைய நேரடி வாடிக்கையாளரே அல்ல. அவர்களுடைய வாடிக்கையாளர் உங்கள் கேபிள் நிறுவனம். அந்த இருவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில்தான் சேனல் எதைப் பற்றியது என்ற வரையறை இருக்கும், பல சமயம் மிகத் தளர்வாக. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் அது பேச்சுக்கு வரும்.

வெதர் சேனல் விஷயத்தில் இது வெட்ட வெளிச்சமாக நடந்தது. 2014 ஜனவரியில் சாட்டிலைட் நிறுவனமான டைரக்டிவி அந்தச் சேனலையே தூக்கிவிட்டது. அடிப்படைச் சண்டை விலையைப் பற்றியது என்றாலும், வானிலை சேனலில் நிகழ்ச்சிகளில் 40 சதவீதம் ரியாலிட்டிதான் என்று டைரக்டிவி பகிரங்கமாகச் சொன்னது. சுமார் 2 கோடி வீடுகளில் மூன்று மாதம் போல அந்தச் சேனல் இல்லை. ஏப்ரலில் சமாதானமாகித் திரும்பியபோது, வாரநாட்களில் ரியாலிட்டி நிகழ்ச்சிகளைப் பாதியாகக் குறைக்க வெதர் சேனல் ஒப்புக்கொண்டது. பார்வையாளர்கள் வருடக்கணக்காக முணுமுணுத்து நடக்காதது, பணம் கொடுப்பவர் கேட்டதும் நடந்துவிட்டது.

எனவே உங்கள் கேபிள் நிறுவனத்திடம் சொல்லுங்கள். அதுவும் சரியான நேரத்தில். 'இந்தச் சேனலை நீங்கள் இழக்க நேரலாம்' என்று திரையின் அடியில் எழுத்து ஓடுகிறதா? ஒப்பந்தம் முடியப் போகிறது என்று அர்த்தம். சேனல்காரர்கள் உங்களைக் கேபிள் நிறுவனத்துக்குப் போன் செய்து சண்டைபோடச் சொல்வார்கள். தாராளமாகப் போன் செய்யுங்கள், ஆனால் உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்: இந்தச் சேனலில் வரலாறு இல்லை, இதற்காக நான் கூடுதல் பணம் தரத் தயாரில்லை. மற்ற நாட்களில், சந்தாவை நிறுத்தப் போகிறேன் என்று சொன்னால் உங்கள் அழைப்பை மாற்றிவிடும் தனிப் பிரிவு ஒன்று இருக்கும், அவர்களிடம் காரணத்தைச் சேனல் பெயரோடு சொல்லுங்கள். 'விலை அதிகம்' என்று மட்டும் சொன்னால் தள்ளுபடிதான் கிடைக்கும்.

வைத்துக்கொள்வதா விடுவதா என்பதற்கு ஒரு வார அட்டவணையை எடுத்து மணிக்கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பாவையே போடச் சொல்லலாம், விடைத்தாள் திருத்திய கை. முழுக்க வரலாறு எத்தனை மணி, அடகுக்கடை போல வரலாற்றைத் தொட்டுக்கொண்டு போவது எத்தனை மணி, சம்பந்தமே இல்லாதது எத்தனை மணி என்று மூன்றாகப் பிரித்தால் போதும். வாரத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். மே மாதக் கடைசியில் மெமோரியல் டே வாரம், ஜூன் 6 நார்மண்டி நினைவுநாள், நவம்பர் 11 படைவீரர் நாள் இவற்றையொட்டி உண்மையான வரலாற்று நிகழ்ச்சிகள் எட்டிப் பார்க்கும். 2020 மெமோரியல் டேயில் அதிபர் கிராண்ட் பற்றிய மூன்று பகுதித் தொடர் ஹிஸ்டரியில் வந்தது. அப்படிப்பட்ட வாரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். விடியற்காலை மணிகளையும் கழித்துவிடுங்கள், அந்நேரத்தில் பல சேனல்களில் ஓடுவது பணம் கட்டி வாங்கிய விளம்பர நிகழ்ச்சிகள்.

முதல் கணக்கு வாரத்துக்கு ஏழெட்டு மணிக்குக் கீழே வந்தால், அப்பாவுக்காக அந்தப் பேக்கேஜ் வேண்டாம் என்பது என் கருத்து. பொது ஒளிபரப்பான பிபிஎஸ் ஆன்டெனாவிலேயே இலவசமாக வரும். 'அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்' போன்ற அதன் தொடர்களுக்கு ஈடாகக் கேபிளில் இப்போது அதிகம் இல்லை. சி-ஸ்பானின் வார இறுதி வரலாற்று நிகழ்ச்சிகளில் பேராசிரியர்களின் வகுப்பறை விரிவுரையையே அப்படியே காட்டுவார்கள். ஓர் ஆசிரியருக்கு அது பிடிக்காமல் போகாது. உங்கள் பொது நூலகத்தில் கனோப்பி என்ற இணையவழிப் பட வசதி இருந்தால், நூலக அட்டையை வைத்து ஆவணப்படங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். நிறுத்துவதற்கு முன் ஒன்று மட்டும்: வீட்டில் மற்றவர்கள் அதே பேக்கேஜில் விளையாட்டோ செய்தியோ பார்க்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் சேனல்களைக் கட்டாகத்தான் விற்கும். ஒன்றை மட்டும் உருவ விடமாட்டார்கள்.

மகன் விஷயத்தை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். அடகுக்கடையைப் பார்ப்பதால் பிள்ளை கெட்டுவிடமாட்டான். பொய்யை ஆவணப்பட வேஷத்தில் பார்ப்பதுதான் சிக்கல். 2012-இல் அனிமல் பிளானட் கடற்கன்னிகளைப் பற்றியும், 2013-இல் டிஸ்கவரி அழிந்துபோன மெகலடான் சுறா உயிரோடிருப்பதாகவும் படம் போட்டன. அவற்றில் விஞ்ஞானிகளாக வந்தவர்கள் நடிகர்கள். கற்பனை என்ற அறிவிப்பு ஓரிரு வினாடி வந்து மறைந்தது, அதுவும் முடிவில். பெயர்பெற்ற சேனல் என்பதால் பெரியவர்களே நம்பினார்கள்.

வேற்றுக்கிரகவாசி நிகழ்ச்சியின் தந்திரம் வேறு. அது நேரடியாகப் பொய் சொல்வது குறைவு, கேள்வியாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடும்: இருக்குமோ? சாத்தியமோ? அடுத்த முறை தாத்தாவும் பேரனும் சேர்ந்து பார்க்கும்போது, பின்னணிக் குரல் சொல்வதில் எத்தனை வாக்கியம் கேள்வியாக முடிகிறது என்று மகனை எண்ணச் சொல்லுங்கள். பிரமிட் கட்டிய தொழிலாளர்களின் குடியிருப்பும் கல்லறைகளும் கீசாவிலேயே தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன, மிச்சத்தை அப்பா சொல்லிக்கொடுப்பார்.