பிளாக்பேர்ட்: சொந்தமும் அண்டை அயலும்

அன்புள்ள ஐயா,

மதுரையிலிருந்து லண்டன் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம் இருக்கிறது. பறவைகளுக்கென்று ஒரு தட்டில் தானியமும் ஆப்பிள் துண்டும் வைக்கிறேன். தினமும் முதல் ஆளாக வந்து நிற்பது பிளாக்பேர்ட். உடம்பெல்லாம் கறுப்பு, ஆரஞ்சு அலகு, கண்ணைச் சுற்றி அதே நிறத்தில் ஒரு வளையம். பார்த்தால் நம் ஊர்க் கரிச்சான் ஞாபகம் வருகிறது. ஆனால் சரியான ரௌடி. ராபினையும் டிட் குருவிகளையும் தட்டுக்குக் கிட்டவே விடுவதில்லை. திடீரென்று ஒரு கத்து கத்தும், தோட்டமே காலியாகிவிடும். சாயங்காலம் வேறு ‘சிங்க் சிங்க்’ என்று ஓயாத சத்தம். இதை விரட்டிவிட்டால் மற்றவை நிம்மதியாகச் சாப்பிடுமா? இது கரிச்சானுக்குச் சொந்தமா, மைனாவுக்கா? பக்கத்து வீட்டுக்காரர் காட்டிய, மார்பில் புள்ளி போட்ட த்ரஷ் இதன் பெட்டைதானா?

அன்புடன்,
மா., லண்டன்

அன்புள்ள மா.,

விரட்டாதீர்கள். மற்ற கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன், இதை முதலில் சொல்லிவிட வேண்டும். உங்கள் தோட்டத்துச் சின்னப் பறவைகள் பூனையிடமிருந்தும் வேட்டைப் பறவையிடமிருந்தும் தப்பிப் பிழைப்பதில், நீங்கள் ரௌடி என்று சொல்லும் இந்தப் பறவைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

சரி, சொந்தபந்தம். கரிச்சானுக்கும் பிளாக்பேர்டுக்கும் நிறம் ஒன்றுதான் பொது. கரிச்சான் காக்கைக்கும் கீச்சானுக்கும் உறவு. பிளாக்பேர்ட் பூங்குருவிக் குடும்பம். ஆங்கிலத்தில் த்ரஷ் என்கிறார்களே, அந்தக் குடும்பம். மைனா குடும்பம் இதற்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும், தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் ராபினை ஒரு காலத்தில் பூங்குருவிகளோடு சேர்த்துத்தான் எழுதிவந்தார்கள். மரபணுவை ஆராய்ந்த பிறகு அதை ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு மாற்றினார்கள். நம் வீட்டுக் கொல்லையில் பாடும் குண்டுகரிச்சானும் அதோடு கூடவே அந்தப் பக்கம் போயிற்று. அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே ராபின் என்று சொல்லும் செம்மார்புப் பறவை அசல் பூங்குருவி, உங்கள் பிளாக்பேர்டுக்கு நேர்ப் பங்காளி. அங்கே பிளாக்பேர்ட் என்று சொல்பவை வேறு குடும்பம்.

புள்ளி போட்டது பெட்டையில்லை. அது சாங் த்ரஷ் என்ற தனி இனம். வெளிர்மஞ்சள் மார்பில் கரும்புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். பிளாக்பேர்டின் பெட்டை முழுக்கப் பழுப்பு, தொண்டையில் மங்கலாகக் கோடுகள் தெரியும். ஆனால் ஜூன் மாதம் கூட்டைவிட்டு இறங்கிய பிளாக்பேர்ட் குஞ்சைப் பாருங்கள், மார்பு முழுக்கப் புள்ளியாக இருக்கும். பங்காளி என்பது அங்கே தெரிந்துவிடும்.

ஆனால் தோட்டத்தில் நடப்பதைப் புரிந்துகொள்ள இந்த வம்ச வரலாறு அதிகம் உதவாது. பறவைக்கு ஒவ்வொரு நாளும் உயிர் காப்பது சொந்தமில்லை, அண்டை அயல்தான். நீங்கள் கேட்ட கத்தலுக்கு வருவோம்.

பிளாக்பேர்டிடம் எச்சரிக்கைச் சத்தங்கள் பல உண்டு. இரண்டை மட்டும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். தரையில் பூனை வந்தாலோ மரத்தில் ஆந்தை உட்கார்ந்திருந்தாலோ வெட்டி வெட்டி, உரக்க, திரும்பத் திரும்பக் கத்தும். எங்கிருந்து கத்துகிறது என்று நமக்கே தெரியும். அது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிக் கத்துகிறது: வா, எல்லோரும் வா, எதிரி இங்கே இருக்கிறான். மேலே ஸ்பேரோஹாக் என்ற வல்லூறு பறந்தால் சத்தமே வேறு. மெல்லிய, உச்ச சுருதியில் ஒரு ‘ஸீ...’. மெதுவாகத் தொடங்கி மெதுவாகத் தேயும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது. பறவைச் சத்தங்களை ஆராய்ந்த பீட்டர் மார்லர் 1955-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இதைப் பற்றி எழுதினார். பிளாக்பேர்ட், சாஃபின்ச், கிரேட் டிட், புளூ டிட், ரீட் பன்டிங் என்று ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பறவைகள், பாட்டில் எந்த ஒற்றுமையும் இல்லாதவை, வல்லூறைக் கண்டால் மட்டும் கிட்டத்தட்ட ஒரே சத்தத்தைக் கொடுக்கின்றன. எல்லாருக்கும் எதிரி ஒன்று. அவன் காதுக்கு இடம் காட்டிக்கொடுக்காத சத்தம் எல்லாருக்குமே தேவைப்பட்டிருக்கிறது. உங்கள் தோட்டம் காலியான அந்த நொடியில் நீங்கள் தட்டைப் பார்த்திருப்பீர்கள். இனிமேல் வானத்தைப் பாருங்கள்.

சாயங்காலச் சத்தம் வேறு விஷயம். அடையப்போகும் நேரத்தில் பிளாக்பேர்டுகள் அப்படித்தான் ‘சிங்க்’ போடும். எல்லா நேரமும் பூனையைத் தேட வேண்டியதில்லை.

எதிரி யார் என்பதை இந்தப் பறவை எப்படித் தெரிந்துகொள்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இதைப் பற்றியது. ஜெர்மனியின் போஹும் நகரத்தில் எபர்ஹார்ட் கூரியோவும் அவருடைய சகாக்களும் செய்து 1978-இல் எழுதியது. இரண்டு கூண்டுகள் எதிரெதிரே, ஒவ்வொன்றிலும் ஒரு பிளாக்பேர்ட். நடுவில் ஒரு பெட்டி. முதல் பறவைக்குப் பெட்டியின் அந்தப் பக்கத்தில் பாடம் செய்த ஆந்தை தெரியும். அது கத்தித் தீர்க்கும். இரண்டாவது பறவைக்கு ஆந்தை தெரியாது. அதன் பக்கத்தில் வைத்திருந்தது ஆஸ்திரேலியாவின் ஃப்ரையர்பேர்ட், தேன் குடிக்கிற பறவை. ஐரோப்பியப் பறவை எதுவும் தன் வாழ்நாளில் பார்த்திருக்க முடியாதது. எதிர்க்கூண்டுக்காரன் இதைப் பார்த்துத்தான் கத்துகிறான் என்று இரண்டாவது பறவை முடிவுகட்டிக்கொண்டது. அதற்கப்புறம் ஃப்ரையர்பேர்டைத் தனியாகக் காட்டினாலும் பாய்ந்து கத்தியது. அதையே ஆசிரியராக வைத்து மூன்றாவதுக்குக் கற்பித்தார்கள், மூன்றாவதை வைத்து நான்காவதுக்கு. ஆறாவது பறவை வரைக்கும் அந்தப் பொய்யான பயம் குறையாமல் போய்ச் சேர்ந்தது. வெறும் பிளாஸ்டிக் பாட்டிலை வைத்தும் செய்து பார்த்தார்கள். அதையும் விரோதியாக எடுத்துக்கொண்டது, கொஞ்சம் குறைவான ஆவேசத்தோடு.

இதைப் படித்துவிட்டு ‘ஏமாந்த பறவை’ என்று சிலர் சிரிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல்கிறவனை நம்பாமல் தானே பரிசோதித்துப் பார்க்கிறேன் என்று நிற்கிற குஞ்சு முதல் பூனையோடு முடிந்துபோகும்.

அண்டை அயல் என்றால் நல்லது மட்டுமா நடக்கும்? சாங் த்ரஷ் நத்தையை ஓட்டின் விளிம்பில் கவ்விக்கொண்டு ஒரு கல்லைத் தேடிப் போகும். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசி ஓட்டைக் கல்லில் மோதும். ஓடு நொறுங்கியதும் சதையைத் தரையில் தேய்த்துத் துடைத்து விழுங்கும். அதே கல்லுக்குத் திரும்பத் திரும்ப வரும், அதனால் கல்லைச் சுற்றி உடைந்த ஓடு குவிந்து கிடக்கும். 1950களில் ஆக்ஸ்ஃபர்டில் ஆர்தர் கெய்னும் பிலிப் ஷெப்பர்டும் அந்தக் குவியல்களைப் பொறுக்கி எண்ணித்தான் இயற்கைத் தேர்வு கண்ணெதிரே நடப்பதைக் காட்டினார்கள். சுற்றுப்புற நிறத்தோடு ஒட்டாமல் துருத்தித் தெரிந்த நத்தைகளே அதிகம் அகப்பட்டிருந்தன. இந்தக் கல் வித்தை பிளாக்பேர்டுக்குப் பழக்கமில்லை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். ஓடு உடைந்ததும் பாய்ந்து பிடுங்கிக்கொண்டு போகும். ரௌடி என்று நீங்கள் சொன்னது இந்த இடத்தில் பொருந்துகிறது, மறுக்க மாட்டேன்.

மிஸில் த்ரஷ் இன்னும் கறார். குளிர்காலத்தில் பழம் நிறைந்த ஒரு ஹாலி மரத்தையோ புல்லுருவி படர்ந்த மரத்தையோ தனதென்று பிடித்துக்கொண்டு, வருகிற பிளாக்பேர்ட், சாங் த்ரஷ் அத்தனையையும் துரத்தும். 1980களில் பார்பரா ஸ்னோவும் டேவிட் ஸ்னோவும் தெற்கு இங்கிலாந்தில் இதைக் குளிர்காலம் முழுக்கக் கவனித்தார்கள். காவல் உள்ள மரத்தில் மற்ற மரமெல்லாம் மொட்டையான பிறகும் பழம் இருக்கும். கடும் பனி விழுந்து பசித்த கூட்டங்கள் மொத்தமாக வந்து இறங்கினால் மட்டும் ஒற்றைக் காவல் தாங்காது.

ஸ்காண்டிநேவியாவில் கூடு கட்டும் இன்னொரு பங்காளி ஃபீல்ட்ஃபேர். கூட்டமாகக் கூடு வைக்கும். காக்கை வந்தால் எல்லாம் சேர்ந்து பாய்ந்து அதன்மேல் எச்சமிடும், குறி தப்பாமல். இறகு நனைந்த எதிரி பறக்கத் திணறும். அதனால் வேறு சிறு பறவைகளும் அந்தக் குடியிருப்பை ஒட்டிக் கூடு வைக்கின்றன. மெர்லின் என்ற சின்ன ராஜாளி, குருவி பிடித்தே வயிறு வளர்ப்பது, அதுவும் பக்கத்தில் கூடு வைக்கும். ஆபத்தான அயலான்தான். ஆனாலும் காக்கையை விரட்ட இரண்டு தரப்புக்கும் மற்றவர் தயவு வேண்டியிருக்கிறது.

நீலகிரியிலும் இலங்கையின் மலைநாட்டிலும் நமக்கென்று ஒரு பிளாக்பேர்ட் உண்டு. முன்பு ஐரோப்பிய இனத்தோடு ஒன்றாக வைத்திருந்தார்கள், இப்போது தனி இனம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்ட ஓரத்தில் அது சருகு புரட்டுவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அலகால் ஒரு இலையைத் தூக்கி எறிகிறது, காலால் பின்னுக்குத் தள்ளுகிறது, தலையைச் சாய்த்து மண்ணைப் பார்க்கிறது. வேலியோரம் ஒரு பூனையின் முதுகு தெரிந்ததும் கத்தத் தொடங்கியது. கொண்டைக்குருவிகள் வந்தன, வெள்ளைக்கண்ணிகள் வந்தன. பூனை திரும்பிப் போனது.

இனி உங்கள் தட்டு. பிளாக்பேர்ட் பெரும்பாலும் சண்டை போடுவது இன்னொரு பிளாக்பேர்டோடுதான். மற்றவற்றை அது நெருக்குவது எல்லாத் தீனியும் ஒரே தட்டில் இருப்பதால். ஆப்பிளைப் பாதியாக வெட்டித் தரையில், புதருக்குக் கிட்டே போடுங்கள். அது அங்கே போய்விடும். தானியத்தை டிட்டுகளுக்காக மேலே தொங்கவிடுங்கள். உதிர்ந்த இலைகளைப் பெருக்கித் தள்ளாமல் ஒரு மூலையில் விட்டுவையுங்கள், நத்தைக்கு மருந்து தூவாதீர்கள். பறவைகளுக்குத் தண்ணீர் வைத்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். உசுட்டு என்ற வைரஸ் 2001-இல் வியன்னாவில் ஏராளமான பிளாக்பேர்டுகளைக் கொன்றது, 2020-இல் லண்டனிலும் தென்பட்டது. அதைப் பரப்புவது கொசு.

குளிர் முற்றினால் ஃபீல்ட்ஃபேரும் ரெட்விங் என்ற இன்னொரு பூங்குருவியும் வடக்கிலிருந்து வந்து உங்கள் ஆப்பிளுக்குப் போட்டி போடக்கூடும். வந்தால் உங்கள் பிளாக்பேர்ட் என்ன செய்தது என்று அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்.