திறக்க மறுக்கும் பழைய கோப்புகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா எழுதி வைத்த கடிதங்கள் ஒரு பழைய சிடியில் கிடைத்தன. கோப்புப் பெயரெல்லாம் டபிள்யூபிஎஸ் என்று முடிகிறது. திறந்தால் கட்டம் கட்டமாக ஏதோ வருகிறது. போனது போனதுதானா?

பதில்: போகவில்லை, கவலைப்படாதீர்கள். அநேகமாக அது மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸில் எழுதியது. அந்தக் காலத்தில் புதுக் கணினி வாங்கினால் கூடவே வந்த சின்ன மென்பொருள் தொகுப்பு அது. 9-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டார்கள். முதலில் சிடியில் இருப்பதை அப்படியே ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றுங்கள், அதிலிருந்து இன்னொரு நகல் எடுத்து அதில் மட்டும் கை வையுங்கள். அப்புறம் லிப்ரே ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளை இறக்கி நிறுவுங்கள், காசு கிடையாது. வொர்க்ஸ் கோப்புகளைப் படிக்கவென்றே எழுதிய நிரல் அதற்குள் இருக்கிறது. திறந்ததும் இன்றைய வடிவங்களான டாக்ஸாகவோ ஓடிடியாகவோ சேமித்து, கூடவே ஒரு பிடிஎஃப்பும் எடுத்து வையுங்கள். எழுத்து பெரும்பாலும் வந்துவிடும், பக்க அமைப்பும் படங்களும்தான் கொஞ்சம் அங்கே இங்கே நகரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கிங்சாஃப்ட் நிறுவனத்தின் ரைட்டரும் கோப்புக்கு இதே டபிள்யூபிஎஸ் வாலைத்தான் ஒட்டுகிறது. லிப்ரே ஆஃபிஸிலும் சரியாகத் திறக்காவிட்டால், நகலின் வாலை டாக் என்று மாற்றித் திறந்து பாருங்கள், இல்லையென்றால் அவர்களுடைய டபிள்யூபிஎஸ் ஆஃபிஸிலேயே திறந்துவிடலாம். கடிதம் தமிழில் இருந்து, திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள்! அது பாமினி மாதிரி, யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்து முறைக்கு முந்தைய எழுத்துரு. அந்த எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம், எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டால் யூனிகோடாகவே ஆகிவிடும்.

கேள்வி: லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் போட்ட கணக்குத் தாள்களை எக்ஸெல் ஏன் திறப்பதில்லை?

பதில்: எக்ஸெல் 2007-இலேயே அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். லோட்டஸை வைத்திருந்த ஐபிஎம்மும் 2014-இல் ஆதரவை நிறுத்திவிட்டது. இதற்கும் லிப்ரே ஆஃபிஸில் கணக்குத் தாளுக்கென்று இருக்கும் கால்க்தான் வழி. டபிள்யூகே1, டபிள்யூகே4, 123 என்று முடிகிற கோப்புகளை அது படிக்கும். ஆனால் தாள் திறந்துவிட்டது என்று உடனே நிம்மதியாகிவிடக் கூடாது. மொத்தம் போட்டிருக்கும் கட்டத்தைச் சொடுக்கிப் பாருங்கள், மேலே சூத்திரம் தெரிகிறதா, வெறும் எண்தானா? வெறும் எண் என்றால் மேலே ஒரு தொகையை மாற்றினாலும் மொத்தம் மாறாது, அதைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் பெரிய வம்பு. பழைய அச்சுப் பிரதி இருந்தால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தாளுக்குள் தானாக வேலை செய்ய எழுதி வைத்த மேக்ரோக்களை மட்டும் மறந்துவிடுங்கள், அவை வேலை செய்யாது.

கேள்வி: இணையத்தில் கோப்பைப் போட்டால் மாற்றித் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றனவே, அது போதாதா?

பதில்: கல்யாணப் பத்திரிகை என்றால் சரி. வங்கிக் கணக்கு, உயில், மருத்துவச் சீட்டு என்றால் வேண்டவே வேண்டாம், அங்கே யார் கையில் போகிறது என்று நமக்குத் தெரியாது. கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் லிப்ரே ஆஃபிஸைக் கட்டளைச் சாளரத்திலிருந்து ஹெட்லெஸ் முறையில், அதாவது திரையில் எதுவும் திறக்காமல் ஓட்டினால் ஒரு ஃபோல்டரையே மொத்தமாக மாற்றிவிடலாம். இன்னொன்று, மைக்ரோசாஃப்டின் பக்க வடிவமைப்பு மென்பொருளான பப்ளிஷரில் செய்த கோப்பு வைத்திருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்: அதற்கு 2026 அக்டோபரோடு முடிவு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. பப்ளிஷர் கையில் இருக்கும்போதே அதிலிருந்து பிடிஎஃப்பாகச் சேமிப்பதுதான் சுலபம்.