ஸ்நார்க்கல்: மேலே குழாய், கீழே ஓட்டை

கேள்வி: அண்ணே, என் 2021 மஹிந்திரா தார்ல ஸ்நார்க்கல், அதான் இஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்குற குழாய், மாட்டியாச்சு. இனி வேளச்சேரி தண்ணியில தைரியமா இறக்கலாமா?

பதில்: மாட்டினவர் பானட்டுக்குள்ளே என்ன செய்தார்னு பார்த்தீங்களா தம்பி? ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில், தண்ணி வடிய ஒரு துளையோ ரப்பர் வால்வோ பல வண்டிகளில் இருக்கும். அதை விட்டுட்டா, மூக்கைத் தூக்கிக்கிட்டு வாயைத் திறந்தபடி குளத்தில் முங்கின கதைதான். போன மாசம் ஒரு வண்டி வந்தது. வெளியே பார்க்க அமர்க்களம். உள்ளே குழாயும் பெட்டியும் சேரும் இடத்தில் கிளாம்ப்பே இல்லை, பாத்ரூம் சிலிக்கான் பூசியிருந்தது. விரலால் இழுத்தேன், பப்பிள்கம் மாதிரி முழுசா கையோடு வந்துடுச்சு.

சீல் சரியா இருந்தாலும் உங்க வண்டிக்குக் கம்பெனி சொன்ன ஆழம் 650 மி.மீ. தான். ஸ்நார்க்கல் அதைக் கூட்டாது. ஆல்டர்னேட்டர், வயரிங் எல்லாம் பழைய இடத்தில்தானே இருக்கு?

கேள்வி: சீல் ஆகியிருக்கான்னு வீட்டிலேயே பார்க்க முடியுமா சார்?

பதில்: முடியும். இஞ்சினை ஐடிலில் விட்டு, ஸ்நார்க்கல் தலையை ரப்பர் மேட்டால் அழுத்தி மூடுங்க. சில நொடியில் திணறி அணையணும். அணையாம ஓடினா வேறெங்கேயோ காற்று இழுக்குது. ஆக்சிலரேட்டரை மட்டும் தொடாதீங்க, டர்போ உறிஞ்சுற வேகத்தில் ஹோஸ் சப்பிப் போகும். ஓட்டையைக் கண்டுபிடிக்க என் வழி: ராத்திரி ஃபில்டரைக் கழற்றிட்டு, பெட்டிக்குள் டார்ச்சைப் போட்டு மூடுங்க. வெளிச்சம் கசியுற இடத்தில் தண்ணியும் நுழையும்.

கேள்வி: எந்த சீலண்ட் நல்லது?

பதில்: பூசும்போது வினிகர் வாடை அடிச்சா அது தகரத்தை அரிக்கும், வேண்டாம். நியூட்ரல் சிலிக்கானோ பாலியூரித்தேனோ வாங்குங்க. எண்ணெய்ப் பசை போகத் துடைச்சுப் பூசி, ஒரு நாள் காய விடுங்க. பெட்டி மூடியை மட்டும் ஒட்டிடாதீங்க, ஃபில்டர் மாத்தணுமே! மூடி ரப்பரில் மெல்லிசா சிலிக்கான் கிரீஸ் போதும். அடித் துளைக்குக் கழற்றக்கூடிய ரப்பர் அடைப்பான் போட்டு, பெரிய மழைக்கு அப்புறம் ஒருமுறை திறந்து பாருங்க.

கேள்வி: ஸ்நார்க்கல் குழாய் போக ஃபெண்டரை (சக்கரத்துக்கு மேலே இருக்குற தகரம்) வெட்டவே பயமா இருக்கு.

பதில்: பயம் நல்லதுதான். நான் காகித அளவை ஒட்டிப் பிரிச்சு ஒட்டவே அரை நாள் எடுப்பேன், வெட்டுறது பத்து நிமிஷம். முதலில் பின்பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க. வெட்டின விளிம்புக்கு ஜிங்க் பிரைமர் கட்டாயம். விழுந்த இரும்புத் தூளை வேக்குவமில் எடுக்கலைன்னா அடுத்த மழையில் துருப்புள்ளி வரும்.

கேள்வி: ஃபோர்ஸ் கூர்க்கா வண்டியில் கம்பெனியே ஸ்நார்க்கல் தருதே, எனக்கு வேற வேலை இல்லையே?

பதில்: ஆக்சில் பிரீதர், அதாவது ஆக்சிலுக்குள் காற்று போய் வர்ற சின்னக் குழாய், எவ்வளவு உயரத்தில் முடியுதுன்னு பாருங்க அக்கா. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணியில் இறங்கினா உள்காற்று சுருங்கும், பிரீதர் வழியா தண்ணியை இழுக்கும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆயிட்டா மாத்தியே ஆகணும்.

கேள்வி: நடுத் தண்ணியில் வண்டி நின்னுட்டா?

பதில்: செல்ஃப் அடிக்காதீங்க. சிலிண்டருக்குள் போன தண்ணி அமுங்காது, பிஸ்டனைத் தாங்குற கனெக்டிங் ராட்தான் வளையும். கயிறு கட்டி இழுத்து வெளியே கொண்டு வாங்க, கியரை நியூட்ரலில் வெச்சு.