படுக்கை விரிப்பின் சுருக்கம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு தாதிமை இல்லத்தில் பணிபுரிகிறேன். முறைவேலை என்பதால் பல ஞாயிறுகளில் திருப்பலிக்குப் போக முடிவதில்லை. வீடு திரும்பிச் செபமாலையை எடுத்தால் பாதியிலேயே உறங்கிவிடுகிறேன். ஆன்ம ஆலோசனைக்குப் போனபோது பங்குத்தந்தை, "உன் வேலையையே இறைவனுக்கு ஒப்புக்கொடு, அதிலேயே புனிதம் அடையலாம்" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அவர் சொன்னது திருச்சபையின் போதனை. எந்த நிலையில் வாழ்பவரும் புனிதத்துக்கு அழைக்கப்பட்டவரே என்று 1964இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 1609லேயே புனித பிரான்சிஸ் சலேசியார், கைத்தொழில் செய்பவர் துறவியைப்போல நாள் முழுவதும் கோவிலில் இருந்தால் அது பக்தியாகாது என்று எழுதிவிட்டார். செபத்தில் உறங்கிவிடுவதற்காகக் கலங்காதீர்கள். துறவியான புனித குழந்தை தெரேசாவும் அப்படி உறங்கியவர்தான். உறங்கும் பிள்ளையும் பெற்றோருக்குப் பிரியமானதே என்று அவர் ஆறுதல் கொண்டார்.

ஆனால் வேலை தானாகவே செபமாகிவிடும் என்று நான் நம்பவில்லை. எழுந்திருக்க முடியாத ஒரு பாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள். "பாட்டி, இப்போது இந்தப் பக்கம் திரும்பப் போகிறோம்" என்று முதலில் சொல்வது, தோளையும் இடுப்பையும் பதமாகப் பிடிப்பது, புண் வராதபடி விரிப்பின் சுருக்கத்தை நீவிவிடுவது. அந்தச் சுருக்கத்தை மேற்பார்வையாளர் பார்க்கப் போவதில்லை. பாட்டிக்கும் சொல்லத் தெரியாமல் போகலாம். அங்கே கை அவசரப்படாமல் இருந்தால் அதைத்தான் நான் புனிதம் என்பேன். மடத்துப் பாத்திரங்களையும் கருவிகளையும் பலிபீடத்துப் பாத்திரங்களாகவே கருத வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு விதித்தார். உங்கள் கையில் இருப்பதோ மனித உடல்!

அதனால் வேலைக்குக் கிளம்பும்போது பேருந்திலேயே அன்றைய நாளை ஒப்புக்கொடுங்கள், இரண்டு வரி போதும். முடிந்ததும் யாரைப் பொறுமையின்றித் தொட்டேன் என்று ஒருகணம் நினைத்துப் பாருங்கள். அடுத்தமுறை பங்குத்தந்தையிடம் பேச வேண்டியது அதைத்தான், செபமாலைக் கணக்கை அல்ல. திருப்பலியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும். காணிக்கையின்போது குரு ஏந்தும் அப்பம் மனித உழைப்பின் பயன் என்றே சொல்லப்படுகிறது. உங்கள் இரவு வேலையும் அதில் சேர்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஒப்புக்கொடுப்பது என்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வேலை மனிதனுக்காகவே, மனிதன் வேலைக்காக அல்ல என்று 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில் எழுதினார். ஆள் பற்றாமல் ஓய்வு நாளும் பறிபோகிறது என்றால், பங்குத்தந்தையிடம் சொல்வதோடு நிறுத்தாமல் மேலாளரிடமும் வாய்திறந்து கேளுங்கள்.

அன்புடன்.