உறுமலை அடித்து நிறுத்தாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டு நாய் பிரவுனிக்கு ஆறு வயது, என் மகனுக்கு நாலு. இரண்டு பேரும் ஒன்றாகவே வளர்ந்தவர்கள். கொஞ்ச நாளாக, கதிரைக்குக் கீழே படுத்திருக்கும்போது மகன் போய்க் கட்டிப்பிடித்தால் பிரவுனி உறுமுகிறது. கணவர் ஒவ்வொரு முறையும் செருப்பால் அடித்தார். போன கிழமையிலிருந்து உறுமுவதில்லை. "திருந்திவிட்டது" என்கிறார். மாமியோ யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார். எதைச் செய்வது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பிரவுனி இப்போது உறுமுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. "கிட்ட வராதே, எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்ல நாயிடம் இருக்கும் வழி உறுமல். சொன்னதற்கு அடி விழுந்தால் சொல்வதை விட்டுவிடும். பிடிக்காமை அப்படியே இருக்கும். அடுத்த முறை நேரே பல்லுப் படும். "சத்தமே போடாமல் கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் பல நாய்கள் இப்படி அடித்து ஊமையாக்கப்பட்டவைதான். உங்கள் கணவர் பிள்ளையின் மேல் உள்ள பயத்தில்தான் அடிக்கிறார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அடி பிள்ளையைக் காப்பாற்றாது. இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

இந்தக் கிழமையே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். இத்தனை வருடம் சும்மா இருந்த நாய் திடீரென்று தொட விடாவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வலியை. கொழும்பின் ஈரவெக்கையில் காதுப் புண் சுலபமாக வரும், தொங்கு காது என்றால் இன்னும் சுலபம். பல், இடுப்பு, முழங்கால் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் இருந்தாலும் நாய் சோர்ந்து எரிச்சலாக இருக்கும், அதற்கு இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். வலி என்று நினைத்து வீட்டில் இருக்கிற பனடோல் (பரசிட்டமோல்) மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், அது நாயின் ஈரலைக் கெடுக்கும். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டுபோய், திகதி பிந்தியிருந்தால் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

உறுமலுக்கு முன்னாலேயே பிரவுனி நிறையச் சொல்லியிருக்கும். பிள்ளை கிட்ட வரும்போது முகத்தை மறுபக்கம் திருப்பும். சாப்பாடு எதுவும் இல்லாமலே உதட்டை நக்கும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். கடைக்கண்ணால் பார்க்கும்போது கண்ணின் வெள்ளை தெரியும். கடைசியில் உடம்பு அப்படியே விறைத்து அசையாமல் நிற்கும், இதுதான் மிக ஆபத்தான கட்டம். வாலை ஆட்டினால் சந்தோஷம் என்றும் நம்பிவிடாதீர்கள். உடம்பு விறைத்து, வாலும் உயர்ந்து, விறுக்கென்று சின்னதாக ஆடினால் அந்த நாய் பதற்றத்தில் இருக்கிறது. இதில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளையைச் சத்தமில்லாமல் கூப்பிட்டு எடுத்துவிடுங்கள். நாயை ஏசவே வேண்டாம்.

கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு. நாய்க்கோ தப்ப வழியில்லாமல் அமுக்குவது போல. அதுவும் கதிரைக்குக் கீழே, பின்னால் சுவர் இருந்தால் அது எங்கே போகும்? தொடர்மாடி வீட்டில் இடம் குறைவுதான், தெரியும். என்றாலும் ஆட்கள் நடமாடாத ஒரு மூலையில் அதன் பாயைப் போட்டு, அந்தப் பக்கம் மகன் போவதில்லை என்று வீட்டில் சட்டம் வையுங்கள். படுத்திருக்கும்போதும் சாப்பிடும்போதும் தொடுவதில்லை. தடவ வேண்டும் என்றால் மகன் இருந்த இடத்திலிருந்து பிரவுனியைக் கூப்பிடட்டும். வந்தால் நெஞ்சில், தோளில் கொஞ்சம் தடவிவிட்டுக் கையை எடுக்கட்டும். பிறகும் நெருங்கி வந்தால் பிடித்திருக்கிறது, விலகிப் போனால் போதும் என்று அர்த்தம். நாலு வயதுப் பிள்ளை இதை அழகாகப் பழகிக்கொள்ளும், ஆனால் மறந்தும் போகும். அதனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். நீங்கள் குசினிக்குப் போனால் மகனோ பிரவுனியோ உங்களோடு வர வேண்டும். மகன் கொஞ்சம் தள்ளி நடந்து போகும் நேரமெல்லாம் நீங்கள் அவித்த கோழித் துண்டு ஒன்றை பிரவுனிக்குப் போடுங்கள். பிள்ளை வந்தால் நல்லது நடக்கும் என்று அது மெல்ல மெல்லப் பழகும்.

கொடுத்துவிடும் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். வலியோடு இருக்கும் நாயை முன்பின் தெரியாத வீட்டில் விட்டால், அங்கே யாரையாவது கடிக்கலாம். வைத்தியர் பார்த்து, வீட்டுச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்த பிறகும் பயம் தீராவிட்டால், நாயின் நடத்தை தெரிந்த ஒருவரை வீட்டுக்கே அழைத்துக் காட்டுங்கள். அடித்துப் பழக்குபவர் என்றால் வேண்டாம்.

தப்பித்தவறிக் கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித் தூள் எதுவும் பூச வேண்டாம். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று வீட்டில் இருந்துவிடாமல், நேரே பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோங்கள்.