பழைய கார் ரேடியோவில் செல்போன் பாட்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய கார் ரேடியோ பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அந்த ரேடியோவும் காரின் ஒரு பாகம்தான். அதில் என்ன வேலை செய்தாலும், நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் கழற்றிப் பழையபடி ஆக்க முடிய வேண்டும். கீழே சொல்லும் யோசனைகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

எங்கள் வீட்டு 1977 அம்பாசிடரில் பழைய ரேடியோ இன்னும் பாடுகிறது. செல்போன் பாட்டைக் கேட்கலாம் என்று எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்று வாங்கினேன். எந்த இடத்தில் முள்ளை வைத்தாலும் வெறும் இரைச்சல்தான். டிரான்ஸ்மிட்டர் பழுதா, ரேடியோ பழுதா?
- கோவை வாசகர்

இரண்டும் நன்றாகவே இருக்கும். ரேடியோவின் டயலைப் பாருங்கள். MW, SW (மீடியம் வேவ், ஷார்ட் வேவ்) என்று மட்டும் போட்டிருந்தால் அதில் எஃப்.எம். கிடையாது. இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பே உங்கள் கார் வெளிவந்த அதே 1977-ல்தான் மதராஸில் தொடங்கியது. தனியார் எஃப்.எம். வந்தது 2001-ல். அதனால் அந்தக் காலத்துக் கார் ரேடியோவில் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் வாங்கிய டிரான்ஸ்மிட்டர் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. உங்கள் ரேடியோவின் மீடியம் வேவ் ஏறக்குறைய 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஏ.எம். மாடுலேட்டர். ஏரியல் வயருக்கும் ரேடியோவுக்கும் நடுவில் மாட்டும் சிறிய பெட்டி இது. பாட்டை மீடியம் வேவ் அலையாக்கி நேரே ரேடியோவுக்குள் அனுப்பும். ரேடியோவைத் திறக்கவே வேண்டாம், அதுதான் இதன் பெரிய வசதி. ஆனால் மீடியம் வேவ் ரேடியோவில் உச்ச ஸ்தாயி ஒலிகள் மழுங்கிப் போகும். பழைய பாடல்களும் பேச்சும் நன்றாக இருக்கும், புதிய பாடல்களின் பளபளப்பு வராது. பகலில் காலியாக இருக்கும் இடத்தில் இரவானால் தொலைதூர நிலையங்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் இருட்டிய பிறகும் ஒருமுறை முள்ளை நகர்த்திப் பார்த்து இடம் பிடியுங்கள். மாட்டி முடித்ததும், ஏரியலை ரேடியோவோடு பொருத்தப்படுத்தும் ‘ஏரியல் டிரிம்மர்’ என்ற சிறிய திருகையும் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலும் ஏரியல் குழிக்குப் பக்கத்திலோ குமிழுக்குப் பின்னாலோ இருக்கும். 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மெலிதாகக் கேட்கும் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு, சத்தம் அதிகமாகும் வரை மெதுவாகத் திருப்புங்கள்.

இன்னொரு வழி, ரேடியோவுக்குள்ளேயே ஆக்ஸ் இணைப்பு, அதாவது போனின் ஒலியை வயரில் நேரே கொண்டுவரும் இணைப்பு கொடுப்பது. அதைத்தான் அடுத்த வாசகர் கேட்கிறார்.

டிரான்சிஸ்டர் கார் ரேடியோவில் ஆக்ஸ் வயர் எங்கே இணைப்பது? எனக்கு சால்டரிங் தெரியும். பொதுவான முறை ஏதாவது உண்டா?
- சென்னை வாசகி

உண்டு. சால்டரிங் தெரிந்தவருக்கு இது ஒரு மத்தியான வேலை. எந்தக் கம்பெனி ரேடியோவானாலும் நிலையத்தைப் பிடிக்கும் பகுதியும் சத்தத்தைப் பெருக்கும் பகுதியும் சந்திக்கும் இடம் வால்யூம் கன்ட்ரோல்தான். அங்கேதான் நாம் உள்ளே நுழைகிறோம்.

வால்யூம் கன்ட்ரோலுக்கு மூன்று கால்கள். பவரை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ரேடியோவின் பாடியோடு ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும் ஓரக் கால் எர்த். நடுக்கால் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. மீதமிருக்கும் ஓரக் காலுக்குத்தான் டிடெக்டரிலிருந்து, அதாவது ரேடியோ அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதியிலிருந்து, ஒலி வருகிறது. கால்களோடு சேர்ந்து பின்னால் இரண்டு தடித்த முனைகள் இருந்தால் அவை ஆன்-ஆஃப் சுவிட்சுடையவை, அதில் கை வைக்க வேண்டாம்.

டிடெக்டர் வயரை அந்தக் காலிலிருந்து கழற்றி, ஒரு சிறிய இருவழி டாகிள் சுவிட்சின் ஒரு பக்கம் கொடுங்கள். சுவிட்சின் மறுபக்கம் உங்கள் பாட்டு. நடு முனையிலிருந்து ஒரு வயர் வால்யூம் கன்ட்ரோலின் காலுக்கு. இப்போது சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் ரேடியோ, மறுபக்கம் தள்ளினால் செல்போன். டிடெக்டர் வயரைக் கழற்றாமல், காலியான இடத்தில் முள்ளை வைத்துவிட்டு மேலேயே இணைத்துக்கொள்பவர்களும் உண்டு. எனக்கு அந்த முறை பிடிப்பதில்லை. மின்கம்பிகளுக்கு அடியில் போகும்போதெல்லாம் பாட்டோடு இரைச்சலும் கலந்து வரும்.

பாட்டு வரும் வயரில் கவனிக்க வேண்டியது இருக்கிறது. செல்போனில் இடது, வலது என இரண்டு ஒலி, ரேடியோவுக்கு ஒன்றுதான் தேவை. இரண்டு வயரையும் நேரடியாக முறுக்கிச் சேர்த்துவிடாதீர்கள். ஒரு பக்கத்து ஆம்ப்ளிஃபயர் மறுபக்கத்தைத் தள்ளும், போனுக்கு நல்லதல்ல. ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டு, அதற்குப் பிறகு இரண்டையும் சேருங்கள். சேர்ந்த இடத்திலிருந்து 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கபாசிட்டர் வழியாக சுவிட்சுக்கு. சில ரேடியோக்களில் வால்யூம் கன்ட்ரோலில் டி.சி. வோல்டேஜும் இருக்கும், அது போனுக்குள் போகாமல் தடுக்கத்தான் இந்தக் கபாசிட்டர். ஷீல்டு வயரே பயன்படுத்துங்கள். அதன் வலைப்பின்னலை எர்த் காலில் சேருங்கள். இதெல்லாம் ரிச்சி தெருவில் ஒரே கடையில் கிடைக்கும் சாமான்கள்.

முகப்பில் துளை போடாதீர்கள். வயரை ரேடியோவின் பின்பக்கம் ஏற்கெனவே இருக்கும் ஓட்டை வழியாக வெளியே எடுத்து, சாக்கெட்டையும் சுவிட்சையும் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். போனில் சத்தத்தை முக்கால் பங்கு வைத்து, மீதியை ரேடியோ குமிழில் கூட்டிக் குறையுங்கள். போனில் முழுசாக வைத்தால் ஒலி கரகரக்கும்.

உங்கள் போனில் இயர்போன் குழி இல்லையென்றால் சொந்த பேட்டரி உள்ள ஒரு சிறிய ப்ளூடூத் ரிசீவரை இந்த வயரின் முனையில் செருகினால் சரி.

அப்பா பாவித்த 1958 மொறிஸ் மைனர் இப்போது என்னிடம் இருக்கிறது. பழைய ரேடியோமொபைல் செற்றும் அப்படியே உள்ளது. ஆக்ஸ் வயர் போட்டு, போனை சார்ஜ் பண்ணிக்கொண்டே பாட்டுக் கேட்கலாமா? பற்றரியின் பிளஸ் பக்கம்தான் கார் பொடியில் (body) பூட்டியிருக்கிறது.
- யாழ்ப்பாணம் வாசகர்

கடைசி வரியை எழுதினீர்களே, நல்லதாகப் போயிற்று. இந்தப் பகுதியில் எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டிய பதில் இதுதான்.

உங்கள் காரில் இருப்பது பாசிட்டிவ் எர்த். 1960-களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்கள் அப்படித்தான் வந்தன. கார் பாடி முழுவதும் பேட்டரியின் பிளஸ். ரேடியோவின் பெட்டி பாடியைத் தொடுவதால் அதுவும் பிளஸ். ஆக்ஸ் வயரின் எர்த் அந்தப் பெட்டியில் சேர்வதால் அதுவும் பிளஸ். இப்போது போனை கார் சார்ஜரில் போடுகிறீர்கள். சார்ஜரின் யூ.எஸ்.பி. மைனஸ் பேட்டரியின் மைனஸோடு சேர்ந்தது. போனுக்குள் சார்ஜர் மைனஸும் இயர்போன் எர்த்தும் ஒன்றுதான். ஆக, பேட்டரியின் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் நூல் போன்ற ஒரு இயர்போன் வயர் மட்டும் நிற்கிறது. வயர் உருகும், போன் போய்விடும், டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பிடிக்கவும் கூடும்.

அதனால் ஆக்ஸ் வயர் செருகியிருக்கும்போது போனையோ ப்ளூடூத் ரிசீவரையோ கார் மின்சாரத்தில் இணைக்கவே கூடாது. அதன் சொந்த பேட்டரியில் ஓடட்டும். நீண்ட பயணமென்றால் வீட்டில் சார்ஜ் செய்த பவர் பேங்க்கை வைத்துக்கொள்ளுங்கள். காரோடு அதற்குத் தொடர்பில்லை, ஆபத்தும் இல்லை. நிரந்தரமாகக் கார் மின்சாரம்தான் வேண்டும் என்றால், உள்ளீடும் வெளியீடும் மின்சாரரீதியாக முற்றிலும் பிரிந்திருக்கும் ‘ஐசலேட்டட்’ வகைக் கன்வெர்ட்டர்தான் போட வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும், வோல்ட்டைக் குறைத்துத் தரும் சாதாரண ‘பக்’ கன்வெர்ட்டர் அப்படிப் பிரிந்தது அல்ல.

சிகரெட் லைட்டர் குழியிலும் இதே தலைகீழ்தான். வெளிச்சுற்று பாடியைத் தொட்டால் அது பிளஸ், நடுமுனை மைனஸ். இன்றைய சார்ஜர்கள் எல்லாம் நடுமுனை பிளஸ் என்று நம்பிச் செய்யப்பட்டவை.

உங்கள் செற் டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய்கள் வைத்த வால்வு ரேடியோவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. போட்டதும் மெல்லிய ரீங்காரம் கேட்டு, அரை நிமிடம் போலக் கழித்துத்தான் ஒலி வருகிறதா? அப்படியானால் வால்வுதான். ரீங்காரம் வைப்ரேட்டர் என்ற பாகத்திலிருந்து வருகிறது. பேட்டரியின் 12 வோல்ட்டை விட்டுவிட்டுத் தந்து, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஏறத்தாழ 200 வோல்ட்டாக உயர்த்த உதவுவது அது. அந்த வோல்ட் ஆளை அடிக்கும், நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கபாசிட்டரில் தங்கும். வால்வு ரேடியோ வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள். மேலே சென்னை வாசகிக்குச் சொன்ன அதே முறைதான், கபாசிட்டர் மட்டும் 400 வோல்ட் தாங்குவதாக இருக்க வேண்டும். பல வருடம் ஓடாத செற் என்றால் பழைய மெழுகுக் காகிதக் கபாசிட்டர்களையும் எலக்ட்ரோலிட்டிக்குகளையும் மாற்றிய பிறகே மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருக்கும் மற்றவர்கள், ‘பழைய கார், ஆகவே பாசிட்டிவ் எர்த்’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இடையில் ஆல்டர்னேட்டர் மாட்டியவர்கள் எர்த்தையும் மாற்றியிருப்பார்கள். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த பட்டை எந்த முனையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்மினி காரில் பின்னாளில் மாட்டிய ஆட்டோ ரிவர்ஸ் கேசட் பிளேயர் இருக்கிறது. போன் பாட்டுக்காகக் கேசட் வடிவ அடாப்டர் போட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறிக்கொண்டே இருக்கிறது.
- காரைக்குடி வாசகர்

பிளேயர் நாடாச் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். சுற்றவில்லையென்றால் நாடா முடிந்துவிட்டது என்று திசையை மாற்றும். உங்கள் அடாப்டருக்குள் இருக்கும் பல்சக்கரம் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது இறுகியிருக்க வேண்டும். ஆட்டோ ரிவர்ஸுக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் வேறு அடாப்டர் வாங்குங்கள். கூடவே பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். ஒலி மந்தமாக இருந்தால் பாதி அதிலேயே சரியாகிவிடும்.

ஃபியட் 1100-ன் டேஷ்போர்டை வெட்டி புது ப்ளூடூத் செட் வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- மதுரை வாசகர்

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பழைய ரேடியோ இரண்டு குமிழ்களுக்கு இரண்டு துளைகளும் நடுவில் டயலுக்கு ஒரு சிறிய திறப்பும் கொண்டது. புது செட்டுக்கு 182 மில்லிமீட்டர் அகலம், 53 மில்லிமீட்டர் உயரத்தில் நீள்சதுரமாக வெட்ட வேண்டும். நடுவில் இருந்த தகடு போனால் போனதுதான். மறுபடி தகடு வைத்து வெல்டு செய்து பெயின்ட் அடித்தாலும் அந்த இடம் தெரியும்.

பழைய ரேடியோவை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, ஒரு சிறிய ப்ளூடூத் ஆம்ப்ளிஃபயரைச் சீட்டுக்கு அடியில் வையுங்கள். ஃபியூஸ் போட்டுத் தனி வயர் இழுங்கள். இரண்டு ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் வைத்துப் பின் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் ஸ்டீரியோவாகவே கேட்கலாம். மெக்கானிக்கிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவருக்கும் இதில் வேலை குறைவுதான்.

பாட்டோடு சேர்ந்து ‘உய்ய்ங்’ என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது.
- திருச்சி வாசகர்

முதலில் போனை சார்ஜரிலிருந்து கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் எர்த் இரண்டு வழியாகப் போய் வளையமாகியிருக்கிறது. ஆக்ஸ் வயரில் கிரவுண்ட் லூப் ஐசலேட்டர் என்ற சிறிய டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியைச் சேர்த்தால் தீரும்.

நிற்கவில்லையென்றால் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் பக்கம் போக வேண்டும். டைனமோ என்றால் இரைச்சலை அடக்கும் 1 மைக்ரோஃபாரட் சப்ரஸர் கண்டன்சர் (கபாசிட்டர்) ஒன்றைத் தடித்த வயர் போகும் D முனையில் மாட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் F முனையில் மாட்டக் கூடாது, ரெகுலேட்டரின் பாயின்ட்கள் கெடும். சத்தம் ஊளையாக இல்லாமல் ‘டக் டக்’ என்று வெடித்தால் அது இக்னிஷன். இக்னிஷன் காயிலில் சுவிட்சிலிருந்து மின்சாரம் வரும் முனையில் அதே போல ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டுக்குப் போகும் முனையில் வேண்டாம். ரெசிஸ்டன்ஸ் வகை பிளக் வயர்களும் உதவும்.

பலர் விட்டுவிடும் இடம் ஏரியலின் அடிப்பாகம். அது ஃபெண்டரின் வெறும் தகட்டைத் தொட வேண்டும். பெயின்ட் வேலை முடிந்து வரும் கார்களில் பெயின்டின் மேலேயே ஏரியலை உட்காரவைத்திருப்பார்கள். கழற்றி, அடியில் வாஷர் உட்காரும் வட்டத்தை மட்டும் உட்பக்கமாகச் சுரண்டி, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

1972 மெர்சிடிஸில் பெக்கர் ரேடியோ. பின்னால் வட்டமாக, ஐந்து துளைகளோடு ஒரு சாக்கெட் இருக்கிறது. அது எதற்கு?
- பினாங்கு வாசகர்

நீங்கள் கொடுத்துவைத்தவர். அது டின் (DIN) என்ற ஜெர்மன் தரத்துச் சாக்கெட். கேசட் பிளேயரை வெளியிலிருந்து இணைக்க ஜெர்மன் ரேடியோக்கள் பலவற்றில் வைத்தார்கள். வழக்கமான அமைப்பில் நடுத்துளை எர்த், 3, 5 என்ற எண்ணுள்ள துளைகள் ஒலி. ஆனால் கார் ரேடியோக்களில் மாடலுக்கு மாடல் மாறும், ஒரு துளையில் 12 வோல்ட்டும் இருக்கலாம். மல்டிமீட்டரால் பார்க்காமல் போனைச் செருகாதீர்கள். சாக்கெட்டில் வயரே இல்லாத ஒரு மூடி மாதிரி பிளக் செருகியிருந்தால் பத்திரமாக எடுத்துவையுங்கள். சில செட்டுகளில் அது இல்லாவிட்டால் ரேடியோ ஒலிக்காது.

பழைய ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. புதிதாக 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு வாங்கிச் சேர்த்து மாட்டலாமா?
- ஈரோடு வாசகர்

மாட்டக் கூடாது. இரண்டையும் இணையாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். பழைய ஜெர்மேனியம் அவுட்புட் டிரான்சிஸ்டர் அதைத் தாங்காமல் சூடேறிப் போய்விடும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்துக்குப் பின்னாலோ ரேடியோ லேபிளிலோ எத்தனை ஓம் என்று இருக்கும். பிரிட்டிஷ் ரேடியோக்களில் 3 ஓம் சகஜம், அமெரிக்க டெல்கோ கம்பெனி ரேடியோக்களில் 10 ஓம். அதே எண்ணுக்கு ஒரே ஒரு ஸ்பீக்கர் போடுங்கள். சட்டகமும் காயிலும் நன்றாக இருந்தால் கோனை மட்டும் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். அது சரியாகி வரும் வரை ரேடியோவை ஆன் செய்யாதீர்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினாலும் அவுட்புட் பகுதி கெட்டுப்போகலாம்.