இரவிலும் தணியாத வீட்டில் முதியவரையும் குழந்தையையும் காப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் இருக்கிறோம். பகலைவிட இரவில்தான் வீடு அனலாகக் கொதிக்கிறது. ஏசி இல்லை, இப்போது வாங்கும் நிலையிலும் இல்லை. 78 வயதான என் மாமியார் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். “எனக்குத் தாகமே இல்லை” என்று சொல்லித் தண்ணீர் குடிக்க மறுக்கிறார். 4 வயது மகள் இரவெல்லாம் வியர்த்துக் கொட்டி, தூங்க முடியாமல் அழுகிறாள். பகல் முழுவதும் ஜன்னல்களைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். மின்விசிறியோ சூடான காற்றைத்தான் அடிக்கிறது. நான் வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கேள்வியில் வீட்டின் சூடும் உடம்பின் சூடும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன, இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். ஏசி இல்லாத மேல்தள வீட்டைச் சில டிகிரிக்கு மேல் குளிரவைப்பது கடினம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வீட்டுக்குள் இருக்கும் ஓர் உடம்பைக் குளிரவைக்க ஒரு வாளித் தண்ணீரும் ஒரு மின்விசிறியும் பெரும்பாலும் போதும். வெயில் காலத்தில் என்னிடம் வரும் குடும்பங்களில் பலர் முதல் வேலைக்காகப் படாத பாடு பட்டுவிட்டு, எளிதான இரண்டாவது வேலையைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பகல் முழுவதும் ஜன்னலைத் திறந்து வைப்பதைத்தான் நீங்கள் முதலில் மறுபரிசீலனை செய்ய வேண்டும். கான்கிரீட் தளம் சூட்டை உடனே உள்ளே விடுவதில்லை. வெயிலை மெல்ல மெல்ல உள்வாங்கி, சில மணி நேரம் கழித்தே அடிப்பக்கம் வழியாக அறைக்குள் இறக்குகிறது. நண்பகலில் கூரைமேல் விழுந்த வெயிலைத்தான் நீங்கள் முன்னிரவில் அனுபவிக்கிறீர்கள். இன்று இரவு 10 மணிக்கு மேற்குப் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சற்றுமுன் யாரோ எழுந்துபோன நாற்காலியைப் போல அது கதகதப்பாக இருக்கும். கிழக்குப் பக்கச் சுவர் காலையில் வாங்கிய வெயிலை அதற்குள் பெரும்பாலும் இழந்திருக்கும். ஆகவே மாமியாரின் கட்டில் மேற்குச் சுவரை ஒட்டி இருந்தால் அதை இன்றைக்கே கிழக்குப் பக்க அறைக்கு மாற்றுங்கள். காசு செலவில்லாமல் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பலன் தருவது எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஜன்னலைப் பொறுத்தவரை விதி ஒன்றுதான்: வெளிக்காற்று அறைக்காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை மூடி வையுங்கள், குளிர்ந்த பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்று குறுக்கே ஓடும்படி விடுங்கள். எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதை உடம்பைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் சூடான காற்றுகூட வியர்த்த தோலின்மேல் வீசும்போது இதமாகத்தான் தோன்றும். சாதாரண வெப்பமானிகள் இரண்டு வாங்கி, ஒன்றைக் கூடத்திலும் மற்றொன்றை வெயில் படாத வெளிப்புறத்திலும் மாட்டிவிட்டால் நாலைந்து நாட்களில் உங்கள் வீட்டின் போக்கு பிடிபட்டுவிடும். மேல்தள வீடுகளில் பிற்பகலிலேயே உள்வெப்பம் வெளிவெப்பத்தைத் தாண்டிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் வெயில் கடுமையாக இருக்கும்போதே ஜன்னலைத் திறப்பதுதான் சரி. கடிகாரத்தைப் பார்ப்பதைவிட வெப்பமானியைப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம். அறையின் வெப்பம் பகலில் 32 டிகிரி செல்சியஸுக்கும் இரவில் 24 டிகிரிக்கும் கீழே இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உங்கள் வீட்டில் 24 என்பது எட்டாக்கனியாக இருக்கலாம், ஆனால் பகலைவிட இரவுக்கு இவ்வளவு குறைந்த எண்ணைக் கொடுத்திருப்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். பகலெல்லாம் தோலுக்கு ரத்தத்தை இறைத்து உழைத்த இதயத்துக்கு ஓய்வு கிடைப்பது அந்தச் சில மணி நேரங்களில்தான். இரவும் வெந்தால் அந்தக் களைப்பு மறுநாள் கணக்கில் சேர்ந்துவிடும்.

திரைச்சீலை பற்றி ஒரு வார்த்தை. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு துணியில் பட்டால், துணி சூடேறி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயேதான் விடும். அதே துணியையோ மூங்கில் தட்டியையோ கண்ணாடிக்கு வெளியே கட்டினால் வெயில் உள்ளே வருவதற்கு முன்பே தடுக்கப்படுகிறது. கூரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதும் உண்மையிலேயே பலன் தரும். ஆனால் அது குடியிருப்பு முழுவதும் கூடி முடிவெடுக்க வேண்டிய காரியம் என்பதால் இந்தக் கோடைக்குள் நடக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். அடுப்பு வேலையை விடியற்காலைக்கு மாற்றுவதைப் பற்றி நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

அடுத்தது மின்விசிறி. அது காற்றைக் குளிரவைப்பதில்லை, காற்றை நகர்த்துகிறது, அவ்வளவுதான். நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. அறைக்காற்று அதைவிடக் குறைவாக இருக்கும்வரை மின்விசிறி உடம்பின் சூட்டை எடுத்துச்செல்லும். அதைத் தாண்டிவிட்டால் காற்று தன் சூட்டை உடம்பில் ஏற்றத் தொடங்கும், அப்போது நம்மைக் காப்பாற்றுவது வியர்வை உலர்வது மட்டுமே. 40 டிகிரிக்கு மேல் மின்விசிறியை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிப்பது இதனால்தான். முதியவர்களுக்கு வியர்வை குறைவாகச் சுரப்பதால் அவர்களுக்கு அந்த எல்லை இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறது. இந்தக் குறையை ஈடுகட்ட வழி எளியது: வியர்வைக்குப் பதிலாகத் தண்ணீரை நாமே தோலில் வைக்கலாம். ஈரத் துணியால் மாமியாரின் கை, கால், கழுத்து, முதுகு ஆகியவற்றைத் துடைத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே மின்விசிறியின் முன்னால் உட்கார வையுங்கள். ஒரு லிட்டர் நீர் தோலின்மேல் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. தோலில் வைக்கும் நீர் முழுவதும் அப்படிப் பயன்படாது, சொட்டி வீணாகும் பகுதியும் உண்டு, இருந்தாலும் இவ்வளவு மலிவாக வேறு எதுவும் உடம்பைக் குளிர்விக்காது. ஈரத் துணிகளை அறையில் தொங்கவிடுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. வறண்ட காற்றுள்ள இடத்தில் உதவும், புழுக்கமான இடத்தில் அறையின் ஈரப்பதத்தைக் கூட்டி வியர்வை உலர்வதையே கெடுத்துவிடும்.

இனி உங்கள் மாமியாரைப் பற்றி. “தாகமே இல்லை” என்று அவர் சொல்வது பிடிவாதம் என்று தோன்றினாலும் அவர் உண்மையைத்தான் சொல்கிறார். வயது ஏற ஏறத் தாக உணர்வே மங்கிவிடுகிறது. உடலில் நீர் குறைந்த பிறகும் மூளைக்கு அந்தச் செய்தி சரியாக எட்டுவதில்லை. அதனால் “குடியுங்கள், குடியுங்கள்” என்று நச்சரிப்பதைவிட அளவுக்குறி போட்ட ஒரு கூஜாவை அவர் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வெயில் நாட்களில் மணிக்கு ஒரு கோப்பை, மொத்தம் 2 முதல் 3 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. நான் முதியவர்களைப் பார்க்கும்போது “தண்ணீர் குடிக்கிறீர்களா?” என்று கேட்பதேயில்லை, எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்; “கூஜாவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?” என்று மருமகளிடமோ மகனிடமோ கேட்பேன். இரவில் கழிவறைக்கு எழுந்துபோகப் பயந்தே தண்ணீரைத் தவிர்க்கும் முதியவர்கள் நிறைய உண்டு. உங்கள் மாமியாரும் அப்படியென்றால் குடிக்க வேண்டியதில் பெரும்பகுதியை மாலைக்குள் முடித்துவிட்டு, கழிவறை வழியில் ஒரு சிறிய விளக்கை எரியவிடுங்கள்.

இந்த அளவு அவருக்குப் பொருந்துமா என்பதை அவருடைய மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது அவசியம், ஏனெனில் இதயச் செயலிழப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்குத் தண்ணீரின் அளவையே மருத்துவர் கட்டுப்படுத்தியிருப்பார். அப்போதே மாத்திரைகளைப் பற்றியும் கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மாத்திரைகளில் சிறுநீரை அதிகம் போகச் செய்யும் வகை உண்டு. வெயில் காலத்தில் அது உடலை வேகமாக வறளச் செய்யலாம். ரத்த அழுத்த மாத்திரைகளிலேயே பீட்டா பிளாக்கர் என்ற இன்னொரு வகை, சூட்டுக்கு ஏற்ப இதயம் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்வதைத் தடுக்கும். சளிக்கும் அரிப்புக்கும் நாமாகவே கடையில் வாங்கும் சில மாத்திரைகள் வியர்வையையே குறைத்துவிடும். இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவை மாற்ற வேண்டுமா என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. கட்டிலிலிருந்து எழும்போது அவருக்குத் தலை சுற்றுகிறதா என்று மட்டும் கவனித்துப் போய்ச் சொல்லுங்கள், ஏனென்றால் மருத்துவருக்குத் தெரிய வேண்டிய முக்கியச் செய்தி அதுதான்.

குழந்தையின் நிலை வேறு. எடையோடு ஒப்பிட்டால் அவளுடைய தோலின் பரப்பு நம்முடையதைவிட அதிகம், அதனால் சுற்றுப்புறச் சூட்டை அவள் உடம்பு விரைவாக வாங்கிக்கொள்கிறது. விளையாட்டு மும்முரத்தில் தாகத்தைச் சொல்லவும் மாட்டாள். இரவில் வியர்க்கிறாள் என்பது ஒருவகையில் நல்ல செய்தி, அவள் உடம்பு தன் வேலையைச் செய்கிறது. தூங்கப் போகுமுன் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, லேசாகத் துவட்டி, மெல்லிய பருத்தி உடையில் படுக்க வையுங்கள். பனிக்கட்டி போட்ட நீர் வேண்டாம். தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி உள்ளிருக்கும் சூடு வெளியேறத் தாமதமாகும். ஃபோம் மெத்தை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இந்தச் சில வாரங்களுக்கு அவளைப் பாயில் படுக்க வைப்பது நல்லது. குளிர்விப்பதற்காக நிரப்பி வைக்கும் வாளிகளைக் குழந்தை இருக்கும் இடத்தில் திறந்து வைக்க வேண்டாம். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்தானே என்று அவளை விட்டுப்போவது கூடவே கூடாது. வெயிலில் மூடிய காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும்.

உப்பு, சர்க்கரைக் கரைசலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பலர் தவறாகப் பயன்படுத்துவதால் சொல்கிறேன். வழக்கம்போல் சாப்பிடுகிறவர்களுக்கு வெறும் தண்ணீரே போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு, அளவுகடந்த வியர்வை ஆகியவை இருந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கும் அளவு நீரில் முழுவதுமாகக் கரைத்துக் கொடுங்கள். பாதிப் பொட்டலத்தை உத்தேசமாகக் கரைப்பது ஆபத்து. ரத்த அழுத்தம் உள்ள உங்கள் மாமியாருக்குத் தினசரி பானமாக அது வேண்டாம்.

கடைசியாக, எப்போது பதற வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தலைவலி, குமட்டல், மிகுந்த சோர்வு, கை கால் தசைப்பிடிப்பு ஆகியவை வந்தாலும் பேச்சு தெளிவாக இருக்குமானால் அது வெப்பக் களைப்பு. படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, உடம்பை நனைத்து, விசிறியைப் போட்டு, மெல்ல மெல்ல நீர் கொடுத்தால் அரை மணி நேரத்தில் தேற வேண்டும். தேறவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ, மயங்கினாலோ அது வெப்பவாதம் என்றே கொள்ளுங்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிய நிலை அது. தோல் வறண்டுதான் இருக்க வேண்டும் என்பதில்லை, வியர்த்தபடியேகூட இருக்கலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் வையுங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் கொடுப்பதும் வீண்; அது கிருமியால் வரும் காய்ச்சலைத்தான் இறக்கும், வெயிலால் ஏறிய சூட்டை இறக்காது. வெப்பக் களைப்பிலிருந்து தேறியவருக்கும் அடுத்த சில நாட்கள் சூட்டைத் தாங்கும் சக்தி குறைந்தே இருக்கும் என்பதால், மாமியாருக்கு அப்படி நேர்ந்தால் அந்த இரவுகளில் அவரை அந்த வீட்டிலேயே படுக்க வைக்காமல், கீழ்த்தளத்தில் இருக்கும் உறவினர் அல்லது அண்டை வீட்டில் தங்க வைக்க இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.